ஸ்டாண்டு வயர்

பிப்ரவரி 11

மச்சானுக்கு,

உன் அக்காவைக் கொன்றது உன் கம்பெனி வண்டி. அதைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தியவன் நீ. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. நீ அழுவாய், நான் கத்துவேன். யார் என்ன சொன்னோம் என்பது இருவருக்கும் ஞாபகம் இருக்காது. இனி எதுவானாலும் தாளில் எழுது. எழுதினால் மாற்றிப் பேச முடியாது.

கண் ஆபரேஷனுக்கு நான் படுத்திருந்த சமயம் பார்த்து, அக்காவும் தம்பியும் கூடிப் பேசி என் பழைய வண்டியை ஷோரூமில் கொடுத்துவிட்டீர்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவன் வாசலில் பார்த்தது, வெட்டுக்கிளி மாதிரி மூக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒரு புது வண்டி. “எப்படி இருக்கு?” என்று கேட்டாள். “யார் வீட்டு விருந்தாளியோடது?” என்றேன். அன்றைக்கே அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பழைய வண்டி நம் தொழிற்சாலையில் நம் ஆட்கள் செய்தது. வீடு வீடாக மின் மீட்டர் பார்க்கப் போன காலமெல்லாம் அதில்தான் போனேன். ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் எந்தத் தெருவிலும் உட்கார்ந்து பிரித்து மாட்டிவிடுவேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்தத் தொழிற்சாலையை மூடி, மெஷின்களைக் கழற்றிக் கப்பலில் ஏற்றினார்கள். மெஷினோடு மெஷினாக நீயும் ஏறிப் போனாய். இப்போது டேங்கில் அதே பெயரைத்தான் ஒட்டுகிறீர்கள். ஆனால் சக்கரம் ஒரு நாடு, மூளை ஒரு நாடு, விளக்கு ஒரு நாடு, சேர்ப்பது நீ இருக்கிற நாடு. இதில் எந்த நாட்டிடம் போய் நான் நியாயம் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடது பக்கம் திரும்பினேன். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது, யாரோ அடியிலிருந்து நெம்பிவிட்டது போல. நான் வேகமாகப் போகவில்லை. காய்கறிக்காரரைக் கேட்டுப் பார், சைக்கிள்காரன் எங்களை முந்திப் போனான் என்று சொல்வார். எனக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். அவள் தலை நடைபாதைக் கல்லில் பட்டது. ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஷோரூமுக்கும், உன் கம்பெனிக்கும், நுகர்வோர் மன்றத்துக்கும் புகார் அனுப்பிவிட்டேன். வண்டி போலீஸ் நிலைய வளாகத்தில் கிடக்கிறது. அதைக் கடைசியாகச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று வெளியே அனுப்பியவன் யார், அவன் பெயர் எனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பெயர் வரும்வரை விடமாட்டேன்.

உன் அத்தான்

*

பிப்ரவரி 24

அத்தானுக்கு,

நீங்கள் கேட்ட பெயர் என்னுடையது. எஞ்சின் நம்பரைப் பார்த்துவிட்டு மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். வண்டி சேர்க்கும் வரிசையின் கடைசியில் அவற்றை ஓட்டிச் சோதிப்பது நான்தான் என்று உங்களுக்குத் தெரியாது. எத்தனையோ தடவை சொல்ல வந்திருக்கிறேன், பழைய வண்டியின் பெருமையை ஆரம்பித்து என் வாயை அடைத்துவிடுவீர்கள். விசாரணை முடியும்வரை என்னை ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். தப்பு என் பக்கம் என்று முடிவானால் வேலை போய்விடும். வேலை போனால் இந்த நாட்டில் இருக்கவும் முடியாது. இதை உங்களிடம் கெஞ்சுவதற்காக எழுதவில்லை. தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதுகிறேன்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஏன் எனக்காகக் காத்திருக்கவில்லை? லீவு வாங்கி, டிக்கெட் வாங்கி, பையோடு விமான நிலையத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், “எல்லாம் முடிந்தது, வர வேண்டாம்” என்று உங்களிடமிருந்து ஒரு வரி வருகிறது. ஒரு நாள், அத்தான். ஒரே ஒரு நாள் வைத்திருக்கக் கூடாதா? அம்மா போனபிறகு என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்குத் தட்டு வைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இது இன்னும் வலிக்கிறது. நான் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பி வந்தேன். அதை இன்னும் பிரிக்கவில்லை.

வண்டி வாங்கித் தரச் சொன்னது அவள். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். “டேய், உங்க அத்தானுக்குக் கால் தாங்கல. காலையில கிக்கரை உதைச்சு உதைச்சு, சாயங்காலம் முட்டியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. கேட்டா ஒண்ணுமில்லன்னுவாரு. பட்டனை அமுக்கினா ஓடற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுடா. அவரா கேக்கமாட்டாரு, செத்தாலும் கேக்கமாட்டாரு,” என்றாள். அந்தப் பழைய வண்டியை நீங்கள் சாமியாக்குகிறீர்கள். மழையில் பிரேக் பிடிக்காமல் அவளைச் சேற்றில் தள்ளியதும் அதே வண்டிதான். அவள் மணிக்கட்டில் கட்டு போட்டுக்கொண்டு சமைத்தாளே, அது எந்த நாட்டுப் பிரேக்?

புது வண்டி அவளுக்குப் பிடித்திருந்தது. போன மாதம் பேசும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: “உன் வண்டி எங்க ரெண்டு பேரையும் விட உஷாருடா. ஸ்டாண்டை எடுக்கலன்னா கியர் போட்டதும் நின்னுடுது. இப்பல்லாம் நான் குனியறதே இல்ல. அதுவே அவருக்குச் சொல்லிடுது.” அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை.

அன்று என்ன நடந்தது என்று முழுவதும் எழுதுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து எழுதுங்கள். விசாரணைக்காக மட்டும் கேட்கவில்லை.

தம்பி

*

மார்ச் 6

மச்சானுக்கு,

அப்படியானால் பெயர் கிடைத்துவிட்டது. உன் பெயராக இருந்தால் புகாரை மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன் என்று நினைத்தாயா? வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வேனோ அதைத்தான் செய்வேன்.

பிரேக்கைச் சொல்லிக் காட்டுகிறாய். அன்றைக்கு ரோட்டில் டீசல் கொட்டியிருந்தது. எந்த வண்டியானாலும் வழுக்கும். பழைய வண்டி விழுந்தால் ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். எண்ணெய் ஒழுகினால் எந்த இடம் என்று கையை வைத்துக் காட்டுவேன். சத்தத்தை வைத்தே அதற்கு என்ன உடம்புக்கு என்று சொல்லிவிடுவேன். இது சத்தமே போடாது. பெட்ரோலைக் கூடக் கம்ப்யூட்டர்தான் அளந்து விடுகிறதாம். திறந்து பார்த்தால் ஒரு கருப்புப் பெட்டி, அதற்கு மேல் ‘திறக்காதே’ என்று ஒரு சீட்டு. என் சொந்த வண்டியை நான் திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுவதற்கு உன் கம்பெனி யார்?

அன்று நடந்ததைக் கேட்டாய். எழுதுகிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஏணியிலிருந்து விழுந்த பிறகு என் இடது கணுக்கால் சரியாக மடங்குவதில்லை, உனக்குத் தெரியும். அதிலிருந்து சைடு ஸ்டாண்டை எடுத்துவிடுவது உன் அக்காவின் வேலை. நான் ஏறி உட்கார்ந்து வண்டியை நிமிர்த்திப் பிடிப்பேன். அவள் காலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, பின்னால் ஏறி, என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டினால் கிளம்பலாம் என்று அர்த்தம். நான் திரும்பியே பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அன்றும் தட்டினாள். கிளம்பினேன். அப்படியானால் ஸ்டாண்டு மேலேதான் இருந்தது. அவள் குனிவதை விட்டுவிட்டாள் என்று நீ எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. என்னிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்வாளா? உன் கம்பெனியைக் காப்பாற்ற நீ ஜோடிக்கிறாய்.

உன் சீட்டு உயரம், அதையும் எழுதிக்கொள். பழைய வண்டியில் தரையில் நின்றபடி ஏறுவாள். இதில் ஏற வாசல் படி வேண்டியிருந்தது. வண்டியைப் படியோடு ஒட்டி நிறுத்துவேன், அவள் படியிலிருந்து ஏறுவாள். யாருக்காக இவ்வளவு உயரத்தில் செய்கிறீர்கள்? ஒட்டகக்காரர்களுக்கா?

உங்கள் லட்சணத்துக்கு இன்னொன்றும் சொல்கிறேன். அந்த ஸ்டாண்டில் ஒரு வயர் வைத்திருக்கிறீர்களே, அது மழைத்தண்ணீர் பட்டதும் கெட்டுவிட்டது. ஸ்டாண்டு மேலே இருக்கும்போதே நடு ரோட்டில் எஞ்சின் நின்றுபோனது. பின்னால் லாரி. டிரைவர் தலையை நீட்டி, “பெரியவரே, வண்டியை வீட்ல வெச்சுட்டு பஸ்ல போங்க,” என்கிறான். உன் அக்கா முன்னால். எனக்கு ஸ்டாண்டு எடுக்க ஞாபகம் வைக்க ஒரு வயர் வேண்டுமா? நான் என்ன பால்வாடிப் பிள்ளையா? அந்த வாரமே அதை வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. முன்னால் எரிகிற சிவப்பு விளக்கும் ஒழிந்தது. உங்கள் கம்பெனி முழுவதும் சேர்ந்து செய்ததை விட ஒழுங்காக ஓடியது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே உனக்குப் போன் போடுவாள், நீ வாரண்டி, கீரண்டி என்று ஆரம்பிப்பாய்.

இதுதான் நடந்தது. இப்போது சொல், பின்சக்கரம் ஏன் எழும்பியது?

காத்திருக்காததைப் பற்றிக் கேட்டாய். அதற்குப் பதில் சொல்லமாட்டேன்.

உன் அத்தான்

*

மார்ச் 19

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படித்தேன்.

நீங்கள் சொல்வது சரி. தப்பு எங்களுடையது. பின்சக்கரத்தின் பக்கம் ஒரு போல்ட் சரியாக முடுக்கப்படாமல் போயிருக்கலாம். அன்று வேலை அதிகம், நான் பார்க்காமல் விட்டிருப்பேன். மேலதிகாரியிடம் இப்படியே எழுதிக் கொடுக்கப்போகிறேன். உங்கள் புகாரை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வண்டியை இனி நீங்கள் பார்க்க வேண்டாம். போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டாம். ஷோரூம்காரர்களோடும் பேச வேண்டாம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், இரண்டு வேளை கொடுத்தனுப்புவார்கள். கோபத்தில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தம்பி

*

மார்ச் 27

மச்சானுக்கு,

சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேரம் போர்டில் தோற்றாலும் ஒத்துக்கொள்ளமாட்டாய். காய் குழியில் விழுந்த பிறகும், காற்றில் விழுந்தது என்று சண்டை போடுவாய். முந்தின கடிதத்தில் பிரேக், சேறு என்று என்னோடு மல்லுக்கு நின்றவன், இந்தக் கடிதத்தில் ஒரே வரியில் தோற்றுப்போகிறாய். எந்த போல்ட்? எந்தப் பக்கம்? எந்த அளவு? ‘ஒரு போல்ட்’ என்று எழுதுகிறவன் மெக்கானிக் இல்லை, எதையோ மறைக்கிறவன்.

வண்டியைப் பார்க்க வேண்டாம் என்கிறாய். ஏன்?

அத்தான்

*

ஏப்ரல் 8

அத்தானுக்கு,

கேட்காதீர்கள். இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். உங்களுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும். என் மேல் படுங்கள். நான் தூரத்தில் இருக்கிறேன், தாங்கிக்கொள்வேன். நீங்கள் அந்த வீட்டில் தனியாக இருக்கிறீர்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே எல்லாம் முடியப்போகிறது. எனக்கு வருத்தமில்லை. இந்தத் தொழிற்சாலையில் என்ன செய்கிறோம் என்று ஒரு நாள் உங்களைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் நினைப்பது போல இங்கே எல்லாவற்றையும் மெஷினே செய்வதில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மனிதன் ஏறி உட்கார்ந்துதான் அனுப்புகிறான். எனக்கு அடுத்த சோதனை மேடையில் நிற்பவன் பேசுகிற மொழி எனக்குத் தெரியாது, என்னுடையது அவனுக்குத் தெரியாது. அக்கா போன செய்தி வந்த அன்று, அவன் என் ஹெல்மெட்டை வாங்கித் தன் கொக்கியில் மாட்டிவிட்டு, என் வண்டிகளையும் சேர்த்து அவனே ஓட்டினான்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எதையும் தோண்டாதீர்கள்.

தம்பி

*

ஏப்ரல் 20

மச்சானுக்கு,

போலீஸ் நிலையத்துக்குப் போனேன்.

வண்டி சுவரோரம் ஒரு பழைய ஆட்டோவுக்குப் பின்னால் கிடந்தது. காவல்காரர் உதவிக்கு வந்தார், வேண்டாம் என்றேன். முதலில் பின்சக்கரத்தைப் பார்த்தேன். எல்லா போல்ட்டும் இறுக்கமாக இருந்தது. ஒன்றைக்கூட அசைக்க முடியவில்லை. அப்புறம் தரையில் உட்கார்ந்து அடியில் பார்த்தேன். சைடு ஸ்டாண்டின் நுனி தார் ரோட்டில் தேய்ந்து, வெள்ளி மாதிரி பளபளத்தது. தண்டு பின்பக்கமாக வளைந்திருந்தது. மடங்கி மேலே இருக்கிற ஸ்டாண்டு தேயாது. அது கீழே இருந்தது. நான் இடது பக்கம் சாய்ந்ததும் அது தரையில் ஊன்றி வண்டியை நெம்பியது. அதற்கு மேலே நான் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. நன்றாகத்தான் சுற்றியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தையல்காரம்மாவைக் கேட்டேன். அந்த அம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்கள். அப்புறம் சொன்னார்கள்: “அக்கா என்கிட்டயும் சொல்லுவாங்க. படியில நின்னா ஸ்டாண்டு எட்டாதாம். எடுக்கலன்னா வண்டியே நின்னுடும், அவரு திட்டிக்கிட்டே எடுத்துடுவாரு, பாக்கவே சிரிப்பா இருக்கும்னு.” திட்டியது உண்மை. புது வண்டி வந்ததிலிருந்து வயரை வெட்டும்வரை அப்படித்தான் நடந்தது. அது நிற்கும், நான் அந்தக் காலை இழுத்து இழுத்து ஸ்டாண்டைத் தள்ளுவேன், அவள் பின்னால் உட்கார்ந்து சிரிப்பாள். அதை உனக்கு எழுதும்போது எனக்கு எப்படி மறந்துபோனது என்று தெரியவில்லை. மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பழைய வண்டியை மட்டுமே நினைத்துக்கொண்டு எழுதினேன்.

இந்த வண்டி வந்த பிறகு, தோளில் தட்டினால் ‘உட்கார்ந்துவிட்டேன்’ என்று மட்டும்தான் அர்த்தம். மிச்சத்தை வண்டி பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள். உன்னை நம்பினாள். அவள் எதை நம்பி உட்கார்ந்தாளோ அதை நான் வெட்டிவிட்டு அவளிடம் சொல்லாமல் ஓட்டினேன். வெட்டிய பிறகு அவளை ஏற்றிக்கொண்டு போனது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவை.

நீ என் கடிதத்தைப் படித்த அந்த நிமிஷமே உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் போல்ட் கதை எழுதினாய். அதை நீ அன்பு என்று நினைத்துச் செய்திருப்பாய். எனக்கு அது வேண்டாம். செய்யாத தப்பைச் செய்ததாக எழுதிக் கொடுப்பதற்கு உன் அக்கா உன்னை வளர்க்கவில்லை. பழியைக்கூட வெளிநாட்டில் செய்து வாங்கிக்கொள்ள எனக்கு அவசியமில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. வராததை என்னிடம் எதிர்பார்க்காதே. பழைய வண்டிதான் நல்ல வண்டி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதில் இந்த வயர் இல்லை என்பதையும், அவள் இருந்ததால்தான் அது இல்லாமலே ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

உனக்காக ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டாய் அல்லவா? உனக்கு அவள் முகம். அதே நெற்றி, அதே பல் வரிசை. அவளைக் கிடத்தியிருக்கும்போது அந்த முகம் வாசல் வழியாக நடந்து உள்ளே வந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பயந்தேன். அவ்வளவுதான். உன்னிடமிருந்து அந்த நாளை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். இதில் பேச்சுக்கு இடமில்லை.

புகாரை வாபஸ் வாங்க வேண்டியது நான். நுகர்வோர் மன்றத்துக்கு நாளைக் காலை நேரில் போகிறேன். வயரை வெட்டியவன் பெயரையும் சேர்த்து எழுதியாகிவிட்டது. அதில் ஒரு பிரதி உன் கம்பெனிக்கு, ஒன்று ஷோரூமுக்கு. இரண்டும் இந்தக் கடிதத்தோடு ஒரே தபாலில் போகும்.

நீ எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்க வேண்டியது நீ. வெட்கமாக இருந்தால் என் பிரதி வந்து சேரும்வரை பொறுத்திரு. அது போதும் அவர்களுக்கு. ஸ்டோரிலிருந்து எழுந்து உன் இடத்துக்குப் போய் நில். அடுத்த மேடைக்காரனிடமிருந்து உன் ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கு.

வயரை மறுபடி சேர்க்க வேண்டியது ஷோரூம் ஆட்கள். நான் இனி அந்த வண்டியில் கை வைக்கமாட்டேன். போலீஸ் விட்டதும் அவர்களே எடுத்துப் போய், ஸ்டாண்டையும் மாற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று என் கண்முன்னால் காட்ட வேண்டும். அதற்கப்புறம் அதை யார் ஓட்டுவது, விற்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவன் நீ. வாங்கியவன் நீ.

அவள் புடவைகளைப் பிரித்துப் பார்த்து, யாருக்கு எது என்று முடிவு செய்ய வேண்டியது தையல்காரம்மா. எனக்கு அது முடியவில்லை. பீரோ சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டேன். சாப்பாடு அனுப்புவதை அவர்கள் நிறுத்த வேண்டாம், நான் திருப்பி அனுப்பவில்லை என்று அவர்களுக்கு நீயே எழுது.

நடந்ததை யார் கேட்டாலும் உள்ளபடி சொல்ல வேண்டியது நான். ‘நேரம் சரியில்லை’ என்று என் முன்னால் யாரும் சொல்லக் கூடாது. நீயும் சொல்லக் கூடாது.

லீவு வாங்க வேண்டியது நீ. எத்தனை நாள் தருகிறார்களோ அத்தனை நாள். வந்து என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு, நான் எழுந்து போகமாட்டேன். அவளைப் புதைத்த இடம் ஊரைத் தாண்டி இருக்கிறது, வழி உனக்குத் தெரியாது. பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். கூட்டிக்கொண்டு போக வேண்டியது நான்.

உன் அத்தான்